அலமாரிக்குள் அடுப்பு

என் கணவன் ஓரியானோ முப்பத்தெட்டு வருஷம் பேருந்து அலுவலகத்தில் கால அட்டவணை போட்டவன். இத்தாலியில், மோதெனாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்ன ஊரில் அவன் போட்ட அட்டவணைப்படி ஒரு வண்டியாவது வந்தது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டால் ஓட்டுநர் சரியில்லை என்பான், சாலை சரியில்லை என்பான், மூடுபனி என்பான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். ஓய்வு பெற்ற பிறகு அட்டவணை போட அவனுக்குப் பேருந்து கிடைக்கவில்லை. எங்கள் விடுமுறை கிடைத்தது.

ஆகஸ்டு வந்தால் ஊரே கதவைப் பூட்டிக்கொண்டு கடலுக்குப் போகும். நாங்களும் போவோம். அதே பெல்லாரியா, அதே மணல், மூன்றாம் வரிசையில் அதே குடை. இதில் திட்டம் போட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மார்ச் பிறந்ததும் நீலக் கோப்பு ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவிடுவான். அதில் நான்கு பகுதி: சாப்பாடு, காப்பி, தங்குமிடம், செருப்பு. கடலுக்கென்று ஒரு தாள்கூடக் கிடையாது.

எங்களோடு அவனுடைய அண்ணன் வல்தேரும் வருவார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். படிக்கட்டுக்கு அந்தப் பக்கம் அவர் வீடு, இந்தப் பக்கம் எங்கள் வீடு. அவர் வீட்டில் அடுப்பு இருக்கிறது. அதன் மேல் பூந்தொட்டி வைத்திருக்கிறார். தினமும் பதினோரு மணிக்கு எங்கள் கதவைத் தட்டி, "இன்னைக்கு என்ன?" என்று கேட்பார். வேறு பேச்சு அவருக்கும் எனக்கும் இருந்ததில்லை.

நான் லொரெட்டா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. இருநூற்று நாற்பது பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு. செப்டம்பரிலிருந்து ஜூன் வரை பள்ளிக்கூடம், ஜூலையில் நகராட்சியின் கோடை முகாம். பிள்ளைகளைப் பற்றி எனக்குக் குறையில்லை. பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே துப்பிவிடும், விஷயம் முடிந்தது. ஆகஸ்டில் பெல்லாரியாவில் வாடகை வீடு. மூன்றாம் மாடி, மேற்குப் பார்த்த சமையலறை. ஊர் முழுக்க மணலில் மல்லாந்து கிடக்கும்போது நான் கொதிக்கும் தண்ணீருக்கு முன்னால் நின்றிருப்பேன். முப்பத்தொரு வருஷம் இப்படி. என் உடம்பில் கடல்வெயில் பட்டதைவிட ஆவி பட்டதுதான் அதிகம்.

பிப்ரவரியில் எனக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. அன்றைக்கு என் பிறந்தநாள் கேக்கை நானே செய்து, நானே வெட்டி, வல்தேருக்கு இரண்டாவது துண்டையும் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"இந்த ஆகஸ்டுல நான் சமைக்கப் போறதில்ல. ஒரு வாரம். ஹோட்டல். மூணு வேளைச் சாப்பாடும் அங்கேயே. யாரோ ஒருத்தர் கொண்டு வந்து வைக்கணும், நான் சாப்பிடணும், யாரோ எடுத்துட்டுப் போகணும். இல்லன்னா நீங்க ரெண்டு பேரும் போங்க, நான் வரல."

ஓரியானோ கேக்கை மென்றுகொண்டே தலையாட்டினான். "சரி. ஹோட்டல்தானே? போட்டுடலாம்."

அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒரு குடை வாங்குவதற்கு ஆறு கடை ஏறி இறங்குகிறவன் ஒரு வார்த்தையில் சரி சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது. ஆனால் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அந்த ஏழு நாள் எனக்கு அவ்வளவு தேவைப்பட்டது. ராத்திரி படுத்தால் வெள்ளைத் துணி விரித்த ஒரு மேசைதான் நினைவுக்கு வரும். அதில் உட்கார்ந்திருக்கிறேன், என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியாது. இதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

கோப்பு திறந்தது. தங்குமிடத்துக்கு மட்டும் ஆறு வாரம் எடுத்துக்கொண்டான். கடலுக்கு எத்தனை அடி, கார் நிழலில் நிற்குமா, எதிரே மாதா கோயில் மணி அடிக்குமா என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்தான். நான் எட்டிப் பார்த்தால் கையால் மறைப்பான்.

"உனக்கு ஒரு ஆச்சரியம் வச்சிருக்கேன். கெடுத்துக்காத."

"சாப்பாடு அங்கதானே?"

"அங்கதான், அங்கதான். அதே இடத்துல. நீ செருப்பு மாட்டிட்டு வெளிய போக வேண்டியதே இல்ல."

பிறகு காப்பி. கடலோர ஊர்த் தண்ணீரில் காப்பி போட்டால் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கும் என்பது அவன் கட்சி. ஒவ்வொரு வருஷமும் காப்பி வடிக்கும் மோகா பானை, இரண்டு பொட்டலம் காப்பித்தூள், அதோடு எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் பன்னிரண்டு பாட்டில் என்று காரில் ஏற்றுவான். தண்ணீரை! கடலுக்குப் போகிறவன் தண்ணீர் சுமந்துகொண்டு போகிறான்.

"ஹோட்டல்ல காப்பி குடுப்பாங்களே, எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"குடுப்பாங்க. குடிக்க முடியுமான்னு கேளு."

அது சரி, இத்தாலியில் பிறந்த எந்த ஆணும் அடுத்தவன் வீட்டுக் காப்பியை நல்லது என்று சொன்னதில்லை. விட்டுவிட்டேன்.

ஜூலையில் சாப்பாட்டுத் தாளைக் காட்டினான். ஏழு நாள், ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு வேளை, பச்சை மையில். சனிக்கிழமை ராத்திரி குளிர்ந்த அரிசி சாலட். ஞாயிறு மத்தியானம் அடுக்கி வைத்துச் சுடும் லசான்யா. திங்கள் உள்ளே அரிசி அடைத்த தக்காளி. பதினைந்தாம் தேதி மாதா பண்டிகைக்குச் சூப்பில் மிதக்கும், இறைச்சி அடைத்த தொர்தெல்லினி, அதுவும் ஆகஸ்டு வெயிலில். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஹோட்டல்காரர்கள் முன்கூட்டியே அனுப்பிய பட்டியல் என்று நினைத்தேன். பெல்லாரியாக்காரர்கள் எங்கள் பக்கத்துச் சாப்பாட்டை இவ்வளவு அக்கறையாகப் போடுகிறார்களே என்று மனம் நெகிழ்ந்தேன். பாத்திரக்கடைக்காரி சாந்த்ராவிடம் பெருமையாகச் சொன்னேன். இருநூற்று நாற்பது தட்டை எண்ணாமல் பார்த்தே சொல்கிறவள் நான். என் வீட்டு மேசையில் இருந்த ஒரு தாளைப் படிக்கத் தெரியவில்லை.

கடைசியில் செருப்பு. ஆளுக்கு நான்கு ஜோடி. பாறையில் நடக்க ரப்பர் செருப்பு. பெல்லாரியாவில் பதினைந்து மைலுக்குப் பாறையே கிடையாது. குளியலறைக்கு ஒன்று. வெறுங்காலோடு தரையில் நடந்தால் வயிற்றில் குளிர் ஏறும் என்பதால் அறைக்குள் ஒன்று. சாயங்காலம் உலாவப் போக மூடிய காலணி. நான் அவனுக்குத் தெரியாமல் ஐந்தாவதாக ஒரு ஜோடி வாங்கினேன். சிவப்பு, மெல்லிய வார், விரல் நீளத்துக்குக் குதி. அவன் அதைக் கையில் தூக்கி, செத்த எலியைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"இதுல எப்படி நிப்ப?"

"நிக்கறதுக்கு வாங்கல. உக்காந்துக்கறதுக்கு வாங்கினேன்."

சிரித்தான். நானும் சிரித்தேன். இருவரும் வேறு வேறு விஷயத்துக்குச் சிரித்தோம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை நான்கு மணிக்கே கிளம்பினோம். நெரிசலைத் தவிர்க்க அட்டவணையில் அப்படித்தான் இருந்தது. அதே அட்டவணையை வேறு இரண்டு லட்சம் பேரும் போட்டிருந்தார்கள். பொலோஞ்ஞா தாண்டவே மூன்று மணி நேரம். பின்சீட்டில் வல்தேர், அவர் மடியில் குளிர்ப்பெட்டி. "அதுல என்ன?" என்று கேட்டேன். "வழியில சாப்பிட" என்றான் ஓரியானோ. வழியில் சாப்பிட ஒரு ரொட்டித் துண்டு போதும். அந்தப் பெட்டியை இருவரும் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது.

இடம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஐந்து மாடி, வாசலில் வரவேற்பு மேசை, அதற்குப் பின்னால் கழுத்தில் துணிப்பட்டி கட்டிய பெண். பித்தளைக் கட்டையில் தொங்கும் சாவி கொடுத்தாள். லிஃப்ட் இருந்தது. எங்களுக்கு இரண்டு அறை, பால்கனி, தூரத்தில் ஒரு விரல்கடை கடல். கட்டில் மேல் துண்டை அழகாக மடித்து வைத்திருந்தார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்து அந்தத் துண்டைத் தடவிப் பார்த்தேன். என் கை மடிக்காத துண்டு. சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

"சாப்பாட்டுக் கூடம் எந்த மாடி?" என்றேன்.

"துணியெல்லாம் எடுத்து மாட்டு முதல்ல" என்றான் ஓரியானோ. அவன் முகத்தில் ஒரு சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது.

புது நீலச் சட்டையை எடுத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தேன். இரட்டைக் கதவு, பளபளவென்று வெள்ளை. உள்ளே சட்டை மாட்டக் கம்பி இல்லை. ஒரு தொட்டி, குழாய், இரண்டு கண் உள்ள அடுப்பு, அடியில் சுடுவதற்கு ஒரு சின்னப் பெட்டி, மேலே ஆறு தட்டு, ஆறு கோப்பை, ஒரு பெரிய பாஸ்தா பானை. பானை என்னைப் பார்த்தது.

பழைய குருடி, கதவைத் திறடி.

"எப்படி?" என்றான் பின்னாலிருந்து. "ஹோட்டலும் ஆச்சு, அடுப்பும் ஆச்சு! மூடிட்டா யாருக்கும் தெரியாது. நாப்பத்தாறு இடம் பாத்தேன், இந்த மாதிரி ஒண்ணு சிக்கல. கீழ வரவேற்பு இருக்கு, துண்டு மாத்துவாங்க, லிஃப்ட் இருக்கு. நீ கேட்ட ஹோட்டல்!"

"நான் கேட்டது சாப்பாடு."

"சாப்பாடு இல்லாமலா? தாள் காட்டினேனே. நீயே 'ரொம்ப நல்லாருக்கு'ன்னு சொன்ன."

அந்தத் தாள். பச்சை மை. அதை எழுதியவன் ஓரியானோ, சமைக்கப்போகிறவள் நான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதமும் ஒரு அலமாரிக் கதவும் தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. அவன் மேல் வந்ததைச் சொல்லி முடியாது.

"ஹோட்டல்ல என்ன எண்ணெய் ஊத்துவாங்கன்னு யாருக்குத் தெரியும்?" அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான். "வல்தேருக்கு வயிறு வேற சரியில்ல. இங்கன்னா உன் இஷ்டத்துக்கு, உனக்குப் பிடிச்ச மாதிரி செஞ்சுக்கலாம். நீ வீட்டுல வச்ச இறைச்சிக் குழம்பையே பெட்டில உறைய வச்சு எடுத்துட்டு வந்துட்டேன், பாதி வேலை முடிஞ்சது. உன் கால் வலிக்கக்கூடாதுன்னுகூட யோசிச்சிருக்கேன் பாரு."

ஒரு பையைப் பிரித்து நீட்டினான். உள்ளே என் வெள்ளைக் கட்டைச் செருப்பு. பள்ளிக்கூடச் சமையலறையில், வழுக்காமல் இருக்க நாங்கள் எல்லோரும் போடுவது. ஜூலை கடைசி நாள் அங்கே என் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். காவல்காரரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். ஆறாவது ஜோடி.

தடியெடுத்து அடிக்கிறவனோடு சண்டை போடலாம். கால் வலிக்குமே என்று செருப்பு கொண்டுவருகிறவனோடு என்ன சண்டை போடுவது? அப்போது வல்தேர் பக்கத்து அறையிலிருந்து தலையை நீட்டினார். பாறையில் நடக்கும் ரப்பர் செருப்பு அவர் காலில் இருந்தது.

"இன்னைக்கு என்ன?"

நான் கைப்பையை எடுத்தேன். நீலச் சட்டையையும் பல்துலக்கியையும் அதில் திணித்தேன். சிவப்புச் செருப்பை மாட்டினேன்.

"எங்க கிளம்பிட்ட?" என்றான் ஓரியானோ. "ரொட்டி வாங்கவா? அப்படியே சாலட்டுல போட துளசி இலையும் வாங்கிட்டு வா."

துளசி இலை! அவன் வழியை விட்டு விலகி நின்றது அந்தத் துளசிக்காகத்தான்.

பண்டிகை வாரத்தில் பெல்லாரியாவில் அறை கேட்பது பாலைவனத்தில் மோர் கேட்பது போலத்தான். முதல் ஹோட்டலில் சிரித்தார்கள். இரண்டாவதில் அடுத்த வருஷத்துக்குப் பெயர் எழுதிக்கொள்ளவா என்றார்கள். மூன்றாவதில் ஒரு பையன் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "தனியாவா?" என்று கேட்டான். "உங்க அம்மா கூட வருவாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். எட்டு இடம் ஏறி இறங்கினேன். சிவப்புச் செருப்பு குதிகாலை அறுத்துவிட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. அந்தப் பானையை நினைத்ததும் தோன்றியது போய்விட்டது.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கடல் கண்ணிலேயே படாத தெருவில், இரண்டு மாடிப் பழைய விடுதி ஒன்று. வாசல் கொடியில் மேசைத்துணி காய்ந்தது. உள்ளே மேசைக்குப் பின்னால், அறுபது வயது அம்மா ஒருவர் மணிக்கட்டில் தீப்புண்ணுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தார். பெயர் தீர்ச்செ என்று பிறகு தெரிந்தது. விடுதி அவருடையது.

"அறை இல்லம்மா" என்றார், நான் கேட்பதற்கு முன்பே. என் காலைப் பார்த்தார். ரத்தம். "உக்காருங்க மொதல்ல."

உட்கார்ந்தேன். பிளாஸ்திரி எடுத்துக் கொடுத்தார்.

"ஒரு அறை இருக்கு. ஆனா அது அறைன்னு சொல்ல முடியாது. பின்னால, துணி துவைக்கற மெஷின் பக்கத்துல. சமையல்காரனுக்குக் குடுத்தது. அந்த ஆள் வியாழக்கிழமை தோள்பட்டைய ஒடிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிட்டான். பண்டிகை வாரத்துல எங்க போய் ஆள் தேடறது? நாப்பது பேருக்கு நானே பொங்கிப் போடறேன். பாருங்க கைய."

கிணறு தப்பித் துரவில் விழுந்த கதை என்பார்களே, அது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

"மூணு வேளைச் சாப்பாடு உண்டா?" என்றேன் ஜாக்கிரதையாக.

"உண்டு. நான் செய்யறதுதான், அதுக்கு மேல கேக்காதீங்க. அடையாள அட்டை குடுங்க."

கொடுத்தேன். என்னுடையது பழைய காகித அட்டை. தொழில் என்று ஒரு வரி அதில் உண்டு. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

"நகராட்சி ஊழியர்னு போட்டிருக்கு. என்ன வேலை?"

அவர் முகத்தைப் பார்த்தேன். தூங்காத கண். எனக்கு இரக்கம் வந்தது. வந்ததை வந்த வழியே அனுப்பிவிட்டேன். முப்பத்தொரு வருஷமாக நான் ஏற்றிய அடுப்பெல்லாம் யார் மேலோ பட்ட இரக்கத்தில் பற்றியதுதான்.

"பதிவு ஆபீஸ். பிறப்பு, இறப்பு எழுதற இடம்."

"ம்... கையைப் பாத்துட்டு சமையல் தெரிஞ்ச கையோன்னு நெனச்சேன்" என்றார் ஏமாற்றத்தோடு. "சாப்பாடு ஏழரைக்கு."

அந்த ராத்திரி சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூப்பில் உப்பு கூடுதல். கறித்துண்டு செருப்புத்தோல். உருளைக்கிழங்கு ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக இருந்தது. என் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தால் பிள்ளைகள் கலவரம் செய்திருக்கும். ஆனால் மேசையில் வெள்ளைத் துணி இருந்தது. பரிமாறும் பெண் ஒவ்வொரு தட்டாகக் கொண்டுவந்து வைத்தாள், எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே எங்கோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. என் தோள் தானாக எழப் பார்த்தது. அந்தப் பாத்திரம் என்னுடையது இல்லை என்று அதற்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. பிறகு நான் அழுதேன். வெட்கப்படவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் விதவை என்று நினைத்திருப்பார்கள்.

தொலைபேசியில் ஓரியானோவின் செய்திகள் வரிசையாக வந்திருந்தன. "துளசி கிடைக்கலையா?" பிறகு, "எங்க இருக்க?" பிறகு, "வல்தேர் பசிக்குதுங்கறார்." பிறகு, "கோச்சுக்கிட்டியா?" கடைசியாக, "அரிசி எவ்வளவு நேரம் வேகணும்?" கடைசிக்கு முந்தியதற்கு மட்டும் ஆமாம் என்று பதில் போட்டேன். கூடவே எங்கே இருக்கிறேன் என்பதையும் எழுதினேன். ஓடிப்போனவள் என்று போலீசுக்குப் போய் அதற்கும் ஒரு அட்டவணை போடக்கூடிய ஆள் அவன்.

மறுநாள் காலை கடலுக்குப் போனேன். குடை இல்லை, வரிசை இல்லை, குடைக்காரர்கள் காசு கேட்காத பொது மணலில் துண்டை விரித்துப் படுத்தேன். பன்னிரண்டு மணிக்கு வயிறு பசித்தது. சமைத்துவிட்டு வரும் பசியில்லை, வெறும் பசி. அது எப்படி இருக்கும் என்பதை மறந்தே போயிருந்தேன்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் என் மேசையில் உட்கார்ந்தேன். தட்டுப் பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டு இருந்தது. நாளைக்கு என்ன வேண்டும் என்று இன்றைக்கே குறி போட்டுக் கொடுக்க வேண்டும், அந்த விடுதிகளில் அதுதான் வழக்கம். பாஸ்தா வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். வாசலில் இரண்டு உருவம் தெரிந்தது. முன்னால் ஓரியானோ, பின்னால் வல்தேர். ஓரியானோவின் கையில் கட்டு.

"இங்கயா இருக்க?" சுற்றிலும் பார்த்தான். "கடலே தெரியல."

"கையில என்ன?"

"சும்மா. பானை மூடி." எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். வல்தேர் நின்றபடியே என் தட்டைப் பார்த்தார். "சரி, உன் கோபம் நியாயம். எனக்குப் புரியுது. ஒரு நாள் ரெஸ்ட் எடுத்தாச்சு. கிளம்பலாம். லசான்யாவுக்கு எல்லாம் எடுத்து வெளிய வச்சுட்டேன், உறைஞ்சது இளகியிருக்கும்."

"அப்போ இன்னும் புரியல."

அவன் கை பாட்டுக்குச் சீட்டை எடுத்தது, பேனாவை எடுத்தது. "மீன் போடாத, ஒத்துக்காது" என்று சொல்லிக்கொண்டே குறி போட ஆரம்பித்தான். மீன் ஒத்துக்காதது அவனுக்கு. நான் அவன் விரலிலிருந்து சீட்டைப் பிடுங்கினேன். கிழிந்துவிட்டது.

சத்தம் கேட்டுத் தீர்ச்செ அம்மா கரண்டியோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தார். நெற்றியில் மாவு, முகமெல்லாம் வியர்வை. "வெளி ஆளுங்களுக்குச் சாப்பாடு இல்லங்க. உள்ளவங்களுக்கே பத்தல, சமைக்க ஆளில்ல."

"சமைக்க ஆளில்லையா?" ஓரியானோவின் முகம் மலர்ந்தது. அவனுக்குப் பெருமை அடித்துக்கொள்ள ஒரு இடம் கிடைத்தால் போதும், எந்த ஊர், எந்த நேரம் என்று பார்க்க மாட்டான். "இவ யாருன்னு தெரியுமா உங்களுக்கு? இருநூத்தி நாப்பது பிள்ளைங்களுக்குத் தினமும் சமைச்சுப் போடறவ! முப்பது வருஷமா! நாப்பது பேரெல்லாம் இவளுக்குச் சுண்டக்காய்."

தீர்ச்செ அம்மா என் பக்கம் திரும்பினார்.

"பதிவு ஆபீஸ்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேன்."

"ஏம்மா?"

"உங்க கையைப் பாத்தேன். உண்மைய சொன்னா நான் எங்க நிப்பேன்னு தெரிஞ்சது."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் கஷ்டம். மேசையருகே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டே நாள். செவ்வாக்கிழமை என் தங்கச்சி மக வந்துடுவா. மத்தியானம் மட்டும் போதும். நான் உங்ககிட்ட கெஞ்சறேன்னு வச்சுக்கங்க."

"செய்யேன்" என்றான் ஓரியானோ. "பாவம், கேக்கறாங்க. அரை மணி நேர வேலை உனக்கு. நானும் வல்தேரும் இங்கயே சாப்பிட்டுடுவோம். இந்தப் பாஸ்தாவப் பாரு, உனக்கே தெரியும். என்ன இருந்தாலும் உன் கை மாதிரி வருமா?"

இந்தப் பாராட்டை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஓரியானோ என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை, ஒரு தட்டைத் தள்ளிவிட்டதில்லை. உன் கை மாதிரி வருமா என்பான். அவன் அம்மாவும் சொன்னாள், வல்தேர் வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு தலையாட்டுவார். அதைக் கேட்டு நானும் குளிர்ந்துபோய் அடுத்த பானையை ஏற்றுவேன். சங்கிலி போட்டிருந்தால் என்றைக்கோ அறுத்திருப்பேன். முகத்துக்கு நேரே துப்பும் என் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இவர்களைவிட எவ்வளவோ மேல்.

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். நான் தட்டிலிருந்து இன்னொரு வாய் எடுத்து, நிதானமாக மென்று விழுங்கினேன்.

"உப்பு பத்தல" என்றேன் தீர்ச்செ அம்மாவிடம். "பூண்டு கருகிடுச்சு. பாஸ்தா ரெண்டு நிமிஷம் கூட வெந்திருக்கு."

அவர் முகம் வாடியது. ஓரியானோ வழக்கில் ஜெயித்தவனைப் போல நாற்காலியில் சாய்ந்தான். "நான் சொல்லல?"

மிச்சத்தையும் வழித்துத் தின்றேன். காலித் தட்டை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன்.

"இன்னொரு தட்டு போடுங்கம்மா."

தீர்ச்செ அம்மா என்னை ஒரு தடவை பார்த்தார், ஓரியானோவை ஒரு தடவை பார்த்தார். பிறகு தட்டை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். திரும்பி வரும்போது விளிம்பு வரை நிரப்பியிருந்தார்.